சிமோன் கராஸ்: கோயில் பாட்டையும் கிராமத்துப் பாட்டையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தவர்

கேள்வி இதுதான்: "கிரேக்க நாட்டுப்புற இசை, பைசாந்திய கோயில் இசை இரண்டிலுமே சிமோன் கராஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. சிலர் அவரைக் கொண்டாடுகிறார்கள், சிலர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். யார் இவர், அப்படி என்ன செய்தார்?"

பைசாந்திய இசை என்றால் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் தேவாலயப் பாட்டு; கீழே 'கோயில்' என்று சொல்வதெல்லாம் அந்தத் தேவாலயங்களைத்தான். கேள்விக்கு வருவோம்: இரண்டு தரப்பாருக்கும் காரணம் இருக்கிறது. இசையியலாளராக அவர் எழுதி வைத்த கோட்பாடு இன்றும் தகராறில்தான் கிடக்கிறது. ஆசிரியராக அவர் செய்த வேலையை எதிரிகளாலும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. என்னைக் கேட்டால், கராஸ் முதலில் வாத்தியார், அப்புறம்தான் ஆராய்ச்சியாளர்.

1900களின் தொடக்கத்தில், கிரேக்கத்தின் தெற்கே உள்ள பெலொப்பொன்னேசின் மேற்குப் பக்கம், இலிஸ் பகுதியில் ஸ்த்ரோவித்சி என்ற கிராமத்தில் பிறந்தவர். இன்று அந்த ஊருக்கு லெப்ரெயோ என்று பெயர். 1921இல் சட்டம் படிக்க ஏதென்ஸுக்கு வந்தார். மனசு முழுக்கப் பாட்டில் போய்விட்டது. கோயில் சுவடிகளைப் படிக்கக் கற்றதெல்லாம் பெரும்பாலும் சொந்த முயற்சி. இதைப் பிற்காலத்தில் அவருக்கு எதிராகவே திருப்பினார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

அவர் வந்து சேர்ந்த ஏதென்ஸ் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவருடைய பிடிவாதம் புரியும். 19ஆம் நூற்றாண்டில் ஒத்தோமான் ஆட்சியிலிருந்து விடுபட்ட புது நாடு அது. படித்த வர்க்கத்துக்கு இத்தாலிய ஒபேரா மேல் மோகம். அரண்மனைக் கோயிலில் 1870களிலேயே ரஷ்யக் கோயில்கள் மாதிரி நான்கு குரல் சேர்ந்திசை வந்துவிட்டது. ஏதென்ஸின் பேர்பெற்ற கோயில் பாடகர் இயோன்னிஸ் சகெல்லாரிதிஸ், பழைய பாட்டுகளிலிருந்த வளைவு நெளிவுகளையெல்லாம் துருக்கிய அழுக்கு என்று கழித்துவிட்டு, எளிமையாக்கி, இரண்டு மூன்று குரல்களுக்கு எழுதிக் கொடுத்தார். மக்களுக்கும் அது பிடித்திருந்தது. கிராமத்துப் பாட்டோ பியானோ பக்கவாத்தியத்தோடு, சலவை செய்த சட்டை மாதிரி கச்சேரி மேடைக்கு வந்தது.

இதற்கு எதிர்ப்புக் குரல் கராஸுக்கு முன்பே எழுந்தது. 1904இல் கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) கோன்ஸ்தந்தினோஸ் ப்ஸாக்கோஸ் என்ற ஆசானை வரவழைத்து, ஏதென்ஸ் இசைக் கல்லூரியில் பைசாந்திய இசைப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1919இல் அவர் அங்கிருந்து விலகித் தனிக் கல்லூரி நடத்தினார். அவருடைய மாணவி ஈவா பால்மர் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1927இல் டெல்ஃபியில் பழைய கிரேக்க நாடகத்தை மறுபடி மேடையேற்றியவர். (நமக்குச் சுவாரசியமான ஒரு துணைச் செய்தி: ஈவாவின் வட்டத்தில் தாதாபாய் நவ்ரோஜியின் பேத்தி குர்ஷித் நவ்ரோஜியும் இருந்தார். மேற்கத்திய இசை படித்த பார்சிப் பெண், ஏதென்ஸில் கீழைச் சுரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.) ஆக, களம் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

இதன் நடுவில் 1922 வந்தது. ஆசியா மைனரில் (இன்றைய துருக்கி) துருக்கியரோடு நடந்த போரில் கிரேக்கம் தோற்றது, ஸ்மிர்னா நகரம் (இன்றைய இஸ்மிர்) எரிந்தது, அடுத்த ஆண்டு இரு நாடுகளுக்கும் இடையே மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் கிரேக்கத்துக்குள் வந்து இறங்கினார்கள். ஏதென்ஸையும் பிரேயஸையும் சுற்றிக் குடிசைப் பேட்டைகள். அந்தக் குடிசைகளுக்குள் சந்தூரி, கனோனாகி, ஊது போன்ற நரம்புக் கருவிகளும் வந்தன. ஊர் ஊராகப் பாட்டும் வந்தது. உள்ளூர்க்காரர்கள் பலருக்கு அது 'துருக்கிச் சத்தம்'.

இந்தச் சூழலில்தான் 1929இல் கராஸ் 'தேசிய இசையைப் பரப்பும் சங்கம்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். கூடவே ஒரு பள்ளி, ஒரு பாடகர் குழு. 'தேசிய இசை' என்றால் அவர் கணக்கில் கோயில் பாட்டும் கிராமத்துப் பாட்டும் சேர்ந்தது. இரண்டும் ஒரே உடம்பின் இரண்டு கை என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் கோயில் பாடகர் நாட்டுப்பாட்டைத் தொட மாட்டார். நாட்டுப்பாட்டு சேகரிப்பவர் மேற்கத்திய ஐந்து கோட்டுத் தாளில் எழுதுவார். கராஸ் தைரியமாக ஒன்று செய்தார். கிராமத்துப் பாட்டைக் கோயில் சுவடிக் குறியீட்டில் எழுதினார், அந்தக் குறியீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

பைசாந்தியக் குறியீட்டில் எந்தக் குறியும் ஒரு குறிப்பிட்ட சுரத்தைச் சொல்லாது. முந்தைய சுரத்திலிருந்து எங்கே போக வேண்டும் என்றுதான் சொல்லும். 'ஈசோன்' என்ற குறி வந்தால் அதே சுரத்தைத் திரும்பப் பாடு. 'ஒலிகோன்' வந்தால் ஒரு படி ஏறு. 'அப்போஸ்த்ரொஃபோஸ்' ஒரு படி இறக்கம், 'எலஃப்ரோன்' இரண்டு படி. சுரங்களுக்குப் பெயர் பா, வூ, கா, தி, கே, ஸோ, நி; கிரேக்க எழுத்து வரிசையின் முதல் ஏழு எழுத்துகளிலிருந்து கோத்த பெயர்கள். அடியில் ஒருவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நம் சுருதி மாதிரி. அதற்கும் ஈசோன் என்றுதான் பெயர். 1814 வாக்கில் கான்ஸ்டான்டிநோப்பிளில் மதிதோஸ் ஊர் க்ரிஸாந்தோஸ், கிரெகோரியோஸ், கூர்மூசியோஸ் என்ற மூன்று ஆசான்கள் பழைய சிக்கலான குறிகளைக் குறைத்து உருவாக்கிய 'புதிய முறை' இது. இன்றும் கோயில்களில் புழங்குவது இதுதான்.

சுரங்களுக்கு இடையே உள்ள தூரமும் பியானோவோடு ஒத்துப்போகாது. 1881இல் கான்ஸ்டான்டிநோப்பிள் பேட்ரியார்க் (ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவர்) அமைத்த குழுவின் கணக்கை வைத்து இன்று ஒரு ஸ்தாயியை 72 பங்காகப் பிரிக்கிறார்கள். பா-விலிருந்து வூ 10 பங்கு, வூ-விலிருந்து கா 8, கா-விலிருந்து தி 12. பியானோவில் ஒரு முழுச் சுரம் 12 பங்கு, அரைச் சுரம் 6 பங்கு. 10உம் 8உம் அதில் கிடையவே கிடையாது. இத்தனைக்கும் இது ஏதோ அபூர்வமான பாட்டில் வரும் நுணுக்கம் இல்லை, அன்றாட முதல் ஒலியமைப்பிலேயே (ஒலியமைப்பு என்றால் நம் ராகம் மாதிரி), ஆரம்ப மூன்று சுரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. தீவுப் பாட்டையோ வடகிழக்கே உள்ள திரேஸ் பகுதிப் பாட்டையோ பியானோவுக்கு மாற்றினால் முதலில் அடிபடுவது இந்த வூ. ஒன்று மேலே இழுப்பார்கள், அல்லது கீழே தள்ளுவார்கள். கராஸ் மல்லுக்கட்டியது இதற்காகத்தான்: இந்தப் பாட்டை எழுதுவதற்கு இந்த ஊரிலேயே ஒரு முறை இருக்கும்போது, பொருந்தாத முறையில் ஏன் எழுத வேண்டும்?

அடுத்தது வானொலி. 1938இல் ஏதென்ஸில் அரசு வானொலி தொடங்கியது. அப்போது மெத்தாக்சாஸின் சர்வாதிகாரம். ரெக்கார்டுகளுக்குத் தணிக்கை; அகதிகள் கீழைச் சாயலில் இழுத்துப் பாடிய அமனே என்ற புலம்பல் பாட்டுகளுக்குத் தடை. அப்படிப்பட்ட ஆட்சியின் வானொலியில் தேசிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக உட்கார்ந்தவர் கராஸ். பல பத்தாண்டுகள் அந்த நாற்காலியை விடவில்லை. கிராமங்களிலிருந்து பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் கூப்பிட்டு நேரடியாகப் பாட வைத்தார். நாடு முழுக்கப் பல பேர் அடுத்த மாவட்டத்துப் பாட்டையே முதன்முதலில் கேட்டது அந்த ஒலிபரப்பில்தான்.

அங்கே வந்தவர்களில் ஒருவர் க்ரோனிஸ் ஐதோனிதிஸ். துருக்கி எல்லைக்குப் பக்கத்தில், தித்திமோத்திகோவை ஒட்டிய கரோத்தி கிராமத்துப் பாதிரியார் மகன். ஏதென்ஸில் ஒரு மருத்துவமனையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 1950களில் வானொலியில் பாடத் தொடங்கினார். திரேஸ் பாட்டு என்றால் இன்று கிரேக்கர்கள் காதில் ஒலிக்கிற குரல் அவருடையதுதான்.

ஆனால் கராஸ் எப்படிப்பட்ட வாத்தியார் என்று காட்ட ஒருவரைச் சொல் என்றால் தொம்னா சமியூவைத்தான் சொல்வேன். பெற்றோர் ஸ்மிர்னாவுக்குப் பக்கத்து பாயிந்திரிலிருந்து வந்த அகதிகள். தொம்னா 1928இல் பிறந்தது ஏதென்ஸின் கைசரியானி குடிசைப் பேட்டையில். சிறு வயதிலேயே ஒரு வசதியான வீட்டில் வேலைக்குப் போனார். வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்ட அந்த வீட்டம்மா, பெண்ணைக் கராஸிடம் அனுப்பி வைத்தார். அப்போது தொம்னாவுக்கு 13 வயது, ஆண்டு 1941. ஜெர்மானியர்கள் ஏதென்ஸைப் பிடித்திருந்த வருஷம். அந்தக் குளிர்காலத்தில் பசியில் செத்தவர்களை நகரத் தெருக்களில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நகரத்தில் ஒரு வாத்தியார் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறார்; வீட்டுவேலை செய்யும் ஒரு சிறுமி அதில் உட்கார்ந்து கோயில் குறியீடு படிக்கிறாள். கோயிலில் பாடும் உரிமை ஆண்களுக்கே என்றிருந்த இசையை ஒரு பெண்பிள்ளைக்கு முறையாகச் சொல்லித் தந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1954இல் தொம்னா கராஸின் பிரிவிலேயே வானொலி வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1971இல் வானொலியை விட்டு வந்தார். அதே ஆண்டு, ராக் பாடகர் தியோனிசிஸ் சவ்வொப்பூலோஸ் பாடும் 'ரோடியோ' என்ற இரவு விடுதி மேடையில் ஏறி நாட்டுப்பாட்டுப் பாடினார். ராணுவ ஆட்சிக் காலம் அது. நாட்டுப்பாட்டு, பாவாடை நடனம் எல்லாவற்றையும் அந்த ஆட்சி விழாக்களில் காட்டிக் காட்டி, இளைஞர்களுக்கு அதன் மேலேயே வெறுப்பு வந்திருந்தது. அந்த இளைஞர்கள் எதிரிலேயே போய் அவர் பாடினார், அவர்களும் கேட்டார்கள். கராஸ் அப்படி ஒரு விடுதிக்குள் காலெடுத்து வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாட்டு அந்த மேடைவரை போய்ச் சேர்ந்ததற்கு அவருடைய வகுப்புதான் காரணம்.

1970களில் சங்கத்தின் பெயரில் எல்பி ரெக்கார்டுகள் வரிசையாக வெளிவந்தன. அமோர்கோஸ், கித்னோஸ், சிஃப்னோஸ் தீவுகள், திரேஸ், எபிரஸ், பெலொப்பொன்னேசோஸ், மித்திலினி, கியோஸ் என்று பகுதி பகுதியாக. ஒவ்வொன்றிலும் பாட்டின் சொற்கள், ஒலியமைப்பு, தாளம் பற்றிக் குறிப்புகள். அப்போது கனோனாகி போன்ற கருவிகள் வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியிருந்தார்கள். அவர்கள் கையோசை பதிவானது இந்த மாதிரி முயற்சிகளால்தான்.

சரி, தகராறுக்கு வருவோம்.

அந்த மூன்று ஆசான்கள் 1814இல் குறியீட்டைச் சுருக்கினார்கள் என்றேன் அல்லவா? அப்போது பல பழைய குறிகளை விட்டுவிட்டார்கள். அதில் ஒன்று 'ஒக்ஸீயா'. பழைய சுவடிகளில் ஒலிகோனும் ஒரு படி ஏற்றம், ஒக்ஸீயாவும் ஒரு படி ஏற்றம். தூரம் ஒன்றுதான் என்றால் இரண்டு குறி எதற்கு? தேவையில்லை என்று ஒன்றைக் கழித்தார்கள். கராஸ் கேட்டது நியாயமான கேள்வி: நூற்றுக்கணக்கான ஆண்டுகள் எழுத்தர்கள் வேலையற்றா இரண்டு குறிகளையும் கவனமாக மாற்றி மாற்றி எழுதினார்கள்? ஏறும் தூரம் ஒன்றானாலும் ஏறும் விதம் வேறு, குரலை அங்கே எப்படி அசைக்க வேண்டும் என்று அந்தக் குறி சொல்கிறது என்பது அவர் வாதம். கமகம் தெரிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். லிகிஸ்மா, த்ரோமிகோன் என்று கைவிடப்பட்ட வேறு குறிகளையும் அவர் திரும்பக் கொண்டுவந்தார். எப்படிப் பாடுவது என்பதற்குச் சான்றாக இன்றைய பாடகர்களின் வாய்வழி வழக்கத்தை எடுத்துக்கொண்டார்: எழுத்தில் இல்லாத ஓர் அசைவை எல்லோரும் ஓரிடத்தில் பாடுகிறார்கள், பழைய சுவடியில் அந்த இடத்தில் ஒக்ஸீயா இருக்கிறது, ஆகவே அந்த அசைவுதான் ஒக்ஸீயா.

இன்னொரு முனையிலும் சண்டை இருந்தது. 1931இல் கோபன்ஹேகனை மையமாக வைத்து கார்ஸ்டன் ஹோ, எகோன் வெல்லெஸ், டில்யார்ட் என்ற அறிஞர்கள் பைசாந்திய இசைச் சுவடிகளைப் பதிப்பிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பெயர்த்தெழுதிய பாட்டுகள் ஐரோப்பியச் சுரங்களில், அலங்காரமே இல்லாமல், மொட்டையாக இருந்தன. கோயிலில் இன்று கேட்பதெல்லாம் துருக்கியக் கலப்பு, பழையது இப்படித்தான் இருந்தது என்பது அவர்கள் நிலைப்பாடு. 1953இல் தெசலோனிக்கியில் நடந்த பைசாந்திய ஆய்வு மாநாட்டில் கராஸ் இதை நேருக்கு நேர் எதிர்த்தார்: குறிகளை வெறும் எலும்பாகப் படிக்கிறீர்கள், வாழும் மரபைக் கேட்காமல் சுவடி பேசாது என்று. இந்த இடத்தில் காற்று பிற்பாடு அவர் பக்கமே அடித்தது. இன்றைய மேற்கத்திய ஆய்வாளர்கள் அந்த மொட்டைப் பெயர்ப்புகளை அப்படியே நம்புவதில்லை.

1982இல் அவருடைய பெரிய கோட்பாட்டு நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. அதற்கப்புறம்தான் உள்வீட்டுச் சண்டை முற்றியது. கான்ஸ்டான்டிநோப்பிள் பேட்ரியார்க் கோயிலின் பாடாந்தரத்தில் வளர்ந்தவர்கள் கேட்டார்கள்: இவர் யாரிடம் பாடம் கேட்டார்? எந்தக் குருவிடமிருந்து இந்தக் குறிகளின் பொருள் இவருக்கு வந்தது? மூன்று ஆசான்கள் தெரிந்துதானே விட்டார்கள்? இவருடைய சுர இடைவெளிகளும் 1881 குழு சொன்னதோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லையே? இந்தக் கேள்விகள் லேசானவை அல்ல. ஒரு பாடகரிடம் கேட்ட அசைவை எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய குறியின் மேல் ஏற்றுவது, கெட்டிக்காரத்தனமான ஊகமாக இருக்கலாம், நிரூபணம் ஆகாது. ஒக்ஸீயா விஷயத்தில் கராஸின் கேள்வி சரி, பதில் பாதி சரி என்பது என் கருத்து.

அவரிடம் எனக்கு ஒட்டாத இடம் வேறு. பண்டைய கிரேக்கத்திலிருந்து இன்றுவரை ஒரே கோடு, அறுந்ததே இல்லை, அரபு-துருக்கி மகாம்களெல்லாம் (அவர்களுடைய ராகங்கள்) கிரேக்கர்களிடமிருந்து போனவையே என்று அவர் சாதித்தார். கான்ஸ்டான்டிநோப்பிளில் கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மேனியரும் யூதரும் ஒருவர் வாசிப்பை ஒருவர் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று பங்கு பிரிக்க முடியாத சொத்து அது. அதே மனப்பான்மை வானொலியிலும் வேலை செய்தது. எது தூய்மை, எது கலப்படம் என்று அவரே வடிகட்டினார். ரெம்பெத்திகோ என்ற துறைமுகத்து அடித்தட்டு மக்களின் பாட்டுக்கு அவர் உலகத்தில் இடமில்லை. கிராமத்தில் ஒரு பாட்டி ஒரு விதமாகவும் அடுத்த வீட்டுப் பாட்டி இன்னொரு விதமாகவும் பாடியதை, பயிற்சி பெற்ற குழு ஒரே குரலில் பாடும்போது ஏதோ ஒன்று சப்பென்று ஆகிவிடுகிறது என்பதும் நியாயமான குறை.

ஆனால் மாணவர்கள் அவருடைய கோட்பாட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. லிகூர்கோஸ் ஆங்கெலோப்பூலோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் 'கிரேக்க பைசாந்திய பாடகர் குழு'வைத் தொடங்கி, கராஸ் முறையை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். 1980களில் மார்செல் பெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ரோமாபுரியின் பழைய லத்தீன் கோயில் பாட்டுகளைப் புதுப்பிக்க நினைத்தபோது இவரைக் கூப்பிட்டார். அந்தப் பதிவில் லத்தீன் சொற்களுக்கு அடியில் ஈசோன் ஒலிக்கும், மேலே குரல் அசைந்து அசைந்து போகும். மேற்கத்திய இடைக்கால இசை கேட்பவர்களில் ஒரு பாதி மயங்கியது, மறுபாதி கொதித்தது. எல்லாம் குருவின் ராசி!

1988இல் ஏதென்ஸுக்குப் பக்கத்துப் பல்லினியில் அரசின் முதல் இசைப் பள்ளி திறந்தது. அங்கே பிள்ளைகள் பியானோவோடு தம்பூராஸ் என்ற நரம்புக் கருவியும் பைசாந்தியக் குறியீடும் கட்டாயம் படிக்க வேண்டும். பின்னர் நாடெங்கும் அப்படிப் பள்ளிகள் வந்தன. இதை கராஸ் மட்டுமே சாதித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோயில் பாட்டும் கிராமத்துப் பாட்டும் ஒரே பாடத்திட்டத்தில் என்ற எண்ணத்தை அறுபது வருஷம் முன்பே ஒரு வகுப்பறையில் நடத்திக் காட்டியவர் அவர்.

1999 ஜனவரியில், தொண்ணூறைத் தாண்டிய வயதில் காலமானார். அவருடைய சுவடிகளும் பதிவுகளும் இருக்கும் காப்பகம் அவர் பெயரையும் மனைவி ஆங்கெலிகி பெயரையும் சேர்த்தே தாங்குகிறது.

கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால், கோயில் பாட்டில் தொடங்காதீர்கள். பழக்கமில்லாத காதுக்கு அது நீளமாகத் தெரியும். சங்கத்தின் எல்பி வரிசையில் அமோர்கோஸ், கித்னோஸ், சிஃப்னோஸ் தீவுப் பாட்டுகளை முதலில் கேளுங்கள். அடுத்து ஐதோனிதிஸின் திரேஸ் பாட்டுகள், தாளக்கட்டு இல்லாத நீள்பாட்டாகத் தேடிப் பிடித்து. அப்புறம் ஆங்கெலோப்பூலோஸ் குழுவின் ஏதாவது ஒரு பதிவுக்கு வந்து, அந்த வூ எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பியானோவோ கீபோர்டோ பக்கத்தில் இருந்தால் அதில் தேடிப் பாருங்கள், அகப்படாது.